மீன் விட்டாச்சா?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மாமியாரே இதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டதால் நான் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பொய் மட்டும் எனக்கு வராது. நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். "சர்க்கரையைக் கண்ணாலகூடப் பாக்கறதில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்கள். அவர்கள் படியிறங்கிப் போவதற்குள் அவர்களுடைய ரத்தம் எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆளை நம்பாதே, குழாயை நம்பு என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம். அப்படிப்பட்ட என் கண்ணிலேயே ஒருத்தர் மண்ணைத் தூவினார் என்றால், அதுவும் ஒரு குழாயை வைத்தே தூவினார் என்றால், எனக்குக் கோபம் வருமா வராதா?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை பார்ப்பவர்களைக் கூட்டிக்கொண்டு, பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை மூச்சிரைக்க மாடியேற்றினார். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் உன் புண்ணியத்துல ஜம்முனு மேல போறான். நீ மட்டும் முதுகு ஒடியச் சுமந்துக்கிட்டு வா" என்றார் அத்தை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூடத்தில் சோபா இருந்த இடம் தொட்டிக்குப் போனது. சோபா படுக்கையறைக்குப் போனது. படுக்கையறையில் நடக்க இடமில்லாமல் போனது. இரும்புச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து குனிந்து பார்த்து, ஒரு காலுக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகி, குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

சாதாரண மீன் தொட்டி இல்லை, கடல் தொட்டி. உப்புத் தண்ணீர், பாறை, பவளம், எல்லாம் தயாரான பிறகு மீன். சின்ன வயதில் எங்கேயோ ஒரு காட்சிசாலையில் பார்த்தாராம். அன்றிலிருந்து ஆசையாம். சுத்திகரிப்புக் கருவியில் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்தோம். அதைப் பெரிய டிரம்மில் ஊற்றி, இதற்கென்றே கடையில் விற்கிற கடல் உப்பைக் கொட்டி, உள்ளே ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டுக் கரைத்தார். ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் விட்டு, அதைக் கண்ணில் வைத்து உப்பின் அளவைப் பார்க்க வேண்டும். அதற்குள் அத்தை விரலை முக்கி நாக்கில் வைத்துவிட்டு, "இன்னும் ஒரு கை போடலாம்டா" என்பார். விடுதிச் சமையலறையில் காலமெல்லாம் அண்டா அண்டாவாகச் சமைத்த நாக்கு அது. "அம்மா, இது சமையல் இல்லம்மா!" என்று இவர் கத்துவார். கருவியில் பார்த்தால் சரியாக ஒரு கை குறைவாகத்தான் இருக்கும்.

பிறகு பாறை வந்தது. ஈரக் காகிதத்தில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். கடைசியாக ஒரு நாள் குளிர்பெட்டியைத் திறந்து, ஓட்டோடு ஒரு முழு இறாலை எடுத்து அந்தப் பாறைமேல் போட்டார்.

"அடப்பாவி, மீனே இல்லாத தண்ணிக்கு எதுக்குடா தீனி?" என்றார் அத்தை.

"இது அழுகணும்மா. அழுகினா தண்ணில விஷம் ஏறும். அந்த விஷத்தைத் தின்னுற கிருமிங்க கொஞ்சம் கொஞ்சமா பாறைல குடி வரும். அதுங்க வந்தாத்தான் மீன் பொழைக்கும்." என் பக்கம் திரும்பி ஒரு சின்னக் குழாயைக் காட்டினார். "உன் வேலைதான். தண்ணி எடுத்து இந்த மருந்தை விட்டுப் பாரு. பச்சை காட்டினா விஷம். மஞ்சள் காட்டினா சுத்தம். மஞ்சள் வர்ற அன்னைக்கு முதல் மீனை நீதான் விடணும்."

"நல்ல இறாலை அழுக விடறவனை இப்பத்தான் பாக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார் அத்தை.

தொட்டியின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு நாடாத் துண்டை ஒட்டினார். தண்ணீர் ஆவியாகி இறங்க இறங்க, அந்தக் கோடு வரைக்கும் வெறும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டுமாம். "உப்புத் தண்ணிய ஊத்திடாதீங்க. போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்கயும் போகாது" என்று எங்கள் இரண்டு பேரிடமும் படித்துப் படித்துச் சொன்னார்.

அந்த வாரமே, வேலை முடிந்து வரும் வழியில், மழையில் அவர் வண்டி சறுக்கியது. பின்னால் ஒரு லாரி. இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. எழுதவும் மாட்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு என் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவன் இருப்பது வேறு ஊர். அங்கே எனக்கு ஒரு வேலைக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டான். "பாப்பா, இங்க உனக்கு இனிமே என்ன இருக்கு? என்னோட கிளம்பு" என்றான். மோட்டார் தண்ணீரைச் சுழற்றுகிற சத்தம் கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"தண்ணி சரியாகட்டும்ணா" என்றேன். "முதல் மீனை நான்தான் விடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். விட்டுட்டு வந்துடறேன்."

"சரி. மீன் விட்ட அன்னைக்கு எனக்குச் சொல்லு. மறுநாளே வண்டியோட வர்றேன்."

அத்தை அப்போது ஒரு துணியால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

எனக்குப் போகத்தான் மனசு. இதிலென்ன மூடி மறைக்க இருக்கிறது? வாசலில் அவர் செருப்பைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டிருந்தேன். அத்தைக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். என் வீட்டுக்காரர் இருந்தவரை நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் செய்துகொண்டிருந்தார். இப்போது நடுவில் இந்தத் தொட்டிதான் நின்றது. அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. நான் போனால் அந்த வீட்டில் அத்தைக்கு மனுஷத் துணை கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போக நினைத்தேன்.

வேலையிலிருந்து வந்ததும் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பச்சை. அத்தை பக்கத்தில் வந்து நின்று, "இன்னிக்கும் பச்சைதானாம்மா?" என்பார். "ஆமா" என்பேன். எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். பகலில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றுவது அத்தை பொறுப்பு. தொட்டி விளிம்பில் தண்ணீர் தெறித்துக் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை ஒரு துகள் கீழே சிந்தாமல் நகத்தால் வழித்து மறுபடி தண்ணீரிலேயே போட்டுவிடுவார். பாறைமேல் பழுப்பாகப் பாசி படர்ந்தது. ஒரு தடவை குழாயில் பச்சை வெளிறி, நாளைக்கு மஞ்சள்தான் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் பழையபடி கரும்பச்சை.

அண்ணன் வாராவாரம் கூப்பிடுவான். எடுத்த எடுப்பிலேயே, "மீன் விட்டாச்சா?" என்பான். இல்லை என்பேன். "என்ன பாப்பா, கடலையே ரொப்பிடலாம் போலருக்கே இதுக்குள்ள" என்று அலுத்துக்கொள்வான். பக்கத்து வீட்டுக்காரி வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டாள். "நீ போனப்புறம் வரும், கூச்சப்படுது" என்றார் அத்தை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தொட்டிக்கு உப்பும் மீனும் விற்கிற கடைக்காரரை என் வீட்டுக்காரர் "உப்புக்காரர்" என்றுதான் சொல்வார். நேரே போய்க் கேட்டேன். "கல்லுக்குள்ள ஏதாவது புழு பூச்சி செத்துக் கிடக்கும்மா. பாறையை ஒவ்வொண்ணா எடுத்து மெதுவாத் தேய்ச்சுப் பாருங்க" என்றார் அவர், அடித்துச் சொல்கிறவர் மாதிரி. சரியென்று விடுமுறை நாளில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கும்மா இப்ப அதைப் போய்க் கலைச்சுக்கிட்டு? அவன் அடுக்கினது அப்படியே இருக்கட்டுமே" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பின்பக்கத்துப் பெரிய பாறையைத் தூக்கினேன். அடியில் ஒரு இறால் கிடந்தது.

அவர் போட்ட இறால் ஓட்டோடு இருந்தது. அது என்றைக்கோ கரைந்து காணாமல் போய்விட்டது. இது புதுசு. ஓடு உரித்து, வாலை மட்டும் அழகாக விட்டு, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்திருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இறாலை அப்படி உரிப்பார். அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை!"

நான் போட்ட சத்தத்தில் மாடிப்படியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அத்தை வந்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"இது என்ன?"

"இறால்."

"இறால்னு எனக்குத் தெரியாதா? அழுகப் போடற இறாலுக்கு யாராவது நரம்பு எடுப்பாங்களா?"

"அவன் தொட்டியாச்சே" என்றார் அத்தை. "அழுக்கோட எப்படிப் போடறது?"

கோபத்தில் எனக்குக் கண் இருட்டியது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தீங்களா? தினம் தினம் அந்தக் குழாயைத் தூக்கிப் பாத்து, எங்க தப்புப் பண்ணினேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அவர் சொல்லிட்டுப் போனதுல எதையோ மறந்துட்டேன்னு நெனச்சு அழுதேன். நீங்க பக்கத்துல நின்னு, ஒண்ணும் தெரியாத மாதிரி, 'இன்னிக்கும் பச்சைதானாம்மா'ன்னு கேக்கறீங்க! எப்படி மனசு வந்துச்சு? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும், சொல்லிட்டேன். பொய் பேசறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது!"

மற்ற நாளாக இருந்தால் அத்தை ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பியிருப்பார். அன்றைக்கு நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மஞ்சளானா மீன் வரும்" என்றார். "மீன் வந்தா உங்க அண்ணன் வருவான். அவன் வந்தா நீ போயிடுவ. அப்புறம் நான் யார்கூடம்மா சண்டை போடுவேன்?"

"அது என் தலையெழுத்தா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட வாய்க்கே தெரிந்தது. என்ன செய்ய, கொட்டினதை அள்ள முடியுமா? சோபாவில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, அத்தைக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சோற்றை எடுத்து வைப்பார், சாப்பிடுவேன். நான் தட்டைக் கழுவி வைப்பேன், அவர் அடுக்குவார். நான் அந்த இறாலை எடுத்து எறிந்திருந்தேன். அத்தை வேறு எதையும் போடவில்லை. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், அத்தை ஜன்னலோரம் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்.

"மஞ்சள்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லாத மஞ்சள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஏதாவது இருக்காதா என்று இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

"நாளைக்குப் போய் மீன் வாங்கிட்டு வா" என்றார் அத்தை. "உங்க அண்ணன் எத்தனை நாள்தான் காத்துக்கிட்டிருப்பான்?"

உப்புக்காரரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு நாள் தின்னு தின்னு உங்க பாறைல கிருமிங்க நல்லா வேர் விட்டிருக்கும்மா. இனிமே அந்தத் தொட்டி எதையும் தாங்கும்" என்றார். பழைய தண்ணீரில் கழிவு சேர்ந்திருக்குமாம். மீன் விடுவதற்கு முன் பாதித் தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்து ஊற்றச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சிரித்ததைச் சொன்னபோது, "பாத்தியா, என் இறால்தான்" என்றார் அத்தை. பாதித் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"கொட்டணுமா?"

"ஆமா அத்தை."

"அவன் கரைச்ச தண்ணிம்மா."

"தண்ணியில பாதிக்கு மேல நீங்க ஊத்தினதுதான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. போனது போனதாகத் தண்ணீரைத்தான் நாங்கள் ஊற்றியிருந்தோம். உப்பு ஒரு சிட்டிகைகூட யாரும் போடவில்லை. அதில் இருந்த உப்பு முழுக்க அவர் கையால் கொட்டியது. விளிம்பில் பூத்ததை அத்தை ஏன் நகத்தால் வழித்து வழித்து உள்ளே போட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீரை வாளியில் இறக்கினோம். என்னைத் தூக்க விடவில்லை. முழங்கால் வலியோடு அத்தையே ஒவ்வொரு வாளியாகக் குளியலறைக்குக் கொண்டுபோனார். சளாரென்று கொட்டாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். கடைசி வாளியில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் திட்டவில்லை.

"இன்னும் பாதி உள்ளதான் அத்தை இருக்கு" என்றேன். அவர் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

டிரம்மில் புதிதாக உப்புக் கரைத்துக் கோடு வரைக்கும் ஊற்றினோம். மறுநாள் மீனோடு வந்தேன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு குட்டி மீன். பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு பைக்குள் விட வேண்டும். மீன் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுக் கை துடைக்கத் துண்டு எடுக்கப் படுக்கையறைக்குப் போனேன். சோபாமேல் என் பெட்டி திறந்திருந்தது. என் துணியெல்லாம் இஸ்திரி போட்டு மடித்து அடுக்கியிருந்தது. நடுவில், ஒரு பழைய துண்டில் சுற்றி, அவருடைய ரசமட்டம்.

"இது எதுக்கு அத்தை?"

"அங்க போய் நீயும் ஒரு தொட்டி வெப்ப" என்றார் பின்னாலிருந்து. "மட்டம் பாக்க வேணாமா? எனக்கெதுக்கு இனிமே. இங்க எல்லாம் அவன் சரியாத்தான் வெச்சுட்டுப் போயிருக்கான்."

ரசமட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவருடைய பொருளில் அத்தை யாரையும் ஒன்றைக்கூடத் தொட விட்டதில்லை. அந்தச் செருப்புகூட இன்னும் வாசலில்தான் கிடக்கிறது.

கூடத்துக்கு வந்து பையைச் சாய்த்தேன். மீன் வெளியே வந்து ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பாறைக்குப் பின்னால் போய், இறால் கிடந்த அதே இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கம் வந்து கண்ணாடியை முட்டியது. "என்னங்க, விட்டுட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா, மீன் விட்டாச்சா?"

மீன் என் முகத்துக்கு நேராக நீந்திக்கொண்டிருந்தது. அத்தை பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் வந்து நின்றார்.

"இல்லண்ணா" என்றேன். "இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

"இன்னுமா? என்ன தொட்டி அது? எப்பத்தான் சரியாகும்?"

"இப்போதைக்கு ஆகாதுண்ணா. அந்த வேலைக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடு."

அவன் என்னவோ சொன்னான். காதில் விழவில்லை. பொய்யைச் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பழக்கமில்லாத வேலை.

அத்தை பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்னை என்ன பேச்சு பேசின அன்னைக்கு!" என்றார். "பொய் பேசறவங்களைக் கண்டாலே ஆகாதாம்."

"இப்பவும் ஆகாதுதான்" என்றேன். "தண்ணி கோட்டுக்குக் கீழ இருக்கு. கேன்ல நல்ல தண்ணி இருக்கும், எடுத்துட்டு வாங்க."

"எனக்கு முழங்கால் வலிக்குது. நீ போய் எடு" என்றார் அத்தை.